விஜய் டிவி கை மாறிய கதை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பார்த்தது

பென்னாகரம்

முப்பது வருஷத்துக்குள் விஜய் டிவி எத்தனை முதலாளிகளைப் பார்த்துவிட்டது! 1994-ல் ராமசாமி உடையார் ‘கோல்டன் ஈகிள்’ என்று தொடங்கினார். அப்புறம் விஜய் மல்லையாவின் யு.பி. குழுமம் வாங்கி விஜய் டிவி என்று பெயர் வைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் யு.டி.வி. என்ற மும்பை நிறுவனத்தின் கைக்குப் போனது. 2001-ல் ரூபர்ட் மர்டாக்கின் ஸ்டார் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது. 2019 மார்ச்சில் மர்டாக்கின் ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபோது ஸ்டாரோடு சேர்ந்து விஜயும் டிஸ்னிக்குப் போனது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலும் ரிலையன்ஸின் டிவி தொழிலும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆயிற்று.

இதெல்லாம் பேப்பரில் கோடிக் கணக்கில் வந்த செய்தி. ஆனால் ஒவ்வொரு தடவையும் நம்ம பக்கத்து வீடுகளில் என்ன மாறியது என்று யாரும் எழுதவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். பல வருஷம் கேபிள் லைன் ஓட்டியவன், நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கன்ட்ரோல் ரூம் மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறை. சானலுக்கு ஒரு ரிசீவர், அதில் வருவதை டிவி எடுக்கும் அலைவரிசைக்கு மாற்ற ஒரு மாடுலேட்டர். எல்லாவற்றையும் கம்பைனரில் சேர்த்து ஒரே வயரில் ஊருக்குள் அனுப்புவோம். எந்தச் சானலை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதில்தான் அன்றைக்கு எல்லாமே இருந்தது. பழைய டிவிகளில் பன்னிரண்டு சானலுக்கு மேல் எடுக்காது. தூர்தர்ஷன், சன் டிவிக்கெல்லாம் முன்னாடியே இடம் போய்விடும். மீதியிருந்த சில இடங்களுக்கு ஏகப்பட்ட போட்டி. விஜயை அந்தப் பன்னிரண்டுக்கு வெளியே எஸ் பேண்ட் என்ற அலைவரிசையில் போட்டிருந்தேன். புது கலர் டிவி உள்ள வீடுகளுக்கு மட்டும் தெரியும்.

ஸ்டார் கைக்கு வந்து சில வருஷத்தில் நிலைமை மாறியது. 2005-ல் ‘கலக்கப் போவது யாரு’, 2006-ல் ‘சூப்பர் சிங்கர்’ என்று வரிசையாக வந்ததும், வசூலுக்குப் போன வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி: “அந்தச் சிரிப்பு நிகழ்ச்சி எங்க டிவியில மட்டும் ஏன் வரல?” பழைய டிவி வைத்திருந்த வீடுகளுக்காக விஜயை முன்னே கொண்டுவந்தேன். அதற்காக ஓர் இந்திச் சினிமாச் சானலைப் பின்னே தள்ளினேன், ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. புது முதலாளி காசைப் போட்டு நடத்துகிறார் என்பது எனக்கு அந்த வசூல் நோட்டோடு நின்ற வாசல்களில்தான் புரிந்தது.

காசு கட்டினால்தான் வரும் பே சானல் கணக்கு இன்னொரு பக்கம். டீகோடர் பெட்டிக்குள் ஒரு கார்டு இருக்கும். பணம் கட்டினால்தான் கார்டுக்கு உயிர். “உங்க லைன்ல எத்தனை பாயிண்ட்?” என்று, அதாவது எத்தனை வீட்டு இணைப்பு என்று கேட்டு, சானல் கம்பெனி ஏஜென்ட் வந்து உட்காருவார். நாம் ஓர் எண் சொல்வோம், அவர் ஓர் எண் சொல்வார், நடுவில் எங்கேயாவது முடியும். சென்னையிலும் மும்பையிலும் நடக்கும் பெரிய வியாபாரத்தில் எங்களுக்கு இருந்த இடம் அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

அண்ணா, என் கதை டிஸ்னி பக்கத்திலிருந்து. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, அதே வருஷம் டிசம்பர் 17-ம் தேதி டிஸ்னி சானலும் டூன் டிஸ்னியும் இந்தியாவுக்கு வந்தன. தமிழிலும் குரல் கொடுத்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வயசில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதுவரை பாதி கார்ட்டூன் இந்தியில்தான் ஓடும், நாங்களாகவே கதை கட்டிக்கொள்வோம்.

ஆனால் எங்கள் தெருவில் டூன் டிஸ்னி வந்தது இந்தியில். அத்தை வீடு காவேரிப்பட்டணம், அங்கே தமிழில் வந்தது. அதே சானல், அதே நேரம், அதே பவர் ரேஞ்சர்ஸ், பாஷை மட்டும் வேறு! லீவு விட்டால் அத்தை வீட்டுக்குப் போக நான் அடம் பிடித்ததற்கு இதுதான் காரணம். கடைசியில் நாங்கள் பசங்க நாலைந்து பேர் சேர்ந்து கேபிள் அண்ணன் கடைக்கே போய், “தமிழ்ல போடுங்கண்ணா” என்று நின்றோம். அவர் மாடிக்கு ஏறிப் போய் ரிமோட்டில் ஏதோ அழுத்தினார். அடுத்த நாள் சாயங்காலம் தமிழ் பேசியது. எப்படிச் செய்தார் என்று இன்று வரை புரியவில்லை.

அதன் பிறகு அந்தச் சானலுக்கு வந்த பெயர்களைப் பாருங்கள். 2009-ல் டிஸ்னி எக்ஸ்.டி., 2019-ல் மார்வெல் எச்.க்யூ., 2022-ல் சூப்பர் ஹங்காமா. அந்த ஹங்காமா என்ற பெயரே யு.டி.வி. தொடங்கிய இன்னொரு சானலுடையது, அதை 2006-ல் டிஸ்னி வாங்கியது. பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், தமிழ்க் குரலை மட்டும் எடுத்துவிடக் கூடாது. என் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயசு, அவள் தமிழில் கார்ட்டூன் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஓசூர்

எங்கள் வீட்டில் மாமியாருக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ், எதிர் வீட்டு அக்காவுக்குக் கன்னடம். ஓசூரில் இது சாதாரணம். மாமியாருக்கு மா டிவி, எனக்கு விஜய், அக்காவுக்கு சுவர்ணா. சுவர்ணாவில் 2008-லேயே ஸ்டார் கூட்டுச் சேர்ந்தது, 2015-ல் மாவையும் வாங்கியது. ஆக மூன்று பேரும் ஒரே கம்பெனிக்குத்தான் மாசாமாசம் கட்டியிருக்கிறோம். அது எனக்குப் புரிந்தது 2019-ல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விலை முறை கொண்டுவந்தபோது.

பிப்ரவரியில் எல்லோரும் சானல் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நூறு சானலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. பே சானலுக்கு அதற்கு மேல் தனித்தனி விலை. பேக்கில் சேர்க்க வேண்டுமென்றால் ஒரு சானல் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று விதி. மாமியாரும் நானும் அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எங்கள் இரண்டு சானலுக்கும் முன்னால் ஸ்டார் என்ற ஒரே பெயர் இருப்பது கண்ணில் பட்டது. மாமியார் கேட்டார்: “ரெண்டும் ஒருத்தர்துன்னா ரெண்டு தடவை எதுக்குக் கட்டணும்?” நியாயமான கேள்வி. தமிழ் பேக், தெலுங்கு பேக் என்று பாஷைவாரியாகப் பிரித்து விற்றதில் எல்லை ஊர்க்காரர்கள் மாட்டிக்கொண்டோம்.

2017-ல் பிக் பாஸ் விஜயிலும் மாவிலும் வந்தது, கன்னடத்தில் கலர்ஸில் ஓடியது. அப்போது கலர்ஸ் போட்டிக் கம்பெனி. இப்போது அதுவும் ஜியோஸ்டாருக்குள். எங்கள் தெருவில் ராத்திரி எந்த வீட்டில் எந்த பாஷை கேட்டாலும் பெரும்பாலும் ஒரே முதலாளிதான்.

அரூர்

கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். பங்கு வாங்குதல், முழுதாகக் கையகப்படுத்துதல், கூட்டு நிறுவனம் மூன்றுக்கும் நான் எடுப்பது விஜய் டிவியைத்தான். 2001, 2019, 2024 என்று மூன்றும் ஒரே சானலில் கிடைத்துவிடுகின்றன. வெளிநாட்டு உதாரணம் சொன்னால் தூங்கும் வகுப்பு, விஜய் என்றதும் நிமிர்ந்து உட்காரும்.

ஒரு மாணவி கேட்டாள்: “சார், டிஸ்னி வாங்கினப்ப விஜய் டிவிக்கு எவ்வளவு கொடுத்தாங்க?” ஃபாக்ஸுக்குக் கொடுத்தது 7,130 கோடி டாலர். காம்காஸ்ட் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனம் போட்டிக்கு வந்ததால் விலை அங்கே ஏறியது. மொத்தமாகப் பேசி முடித்த வியாபாரம், விஜய்க்கென்று தனி விலை கிடையாது. மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் மரம் மரமாகவா விலை சொல்கிறார் என்றேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபட்டது.

ஜியோஸ்டாருக்கு எண்கள் தெளிவாக வெளியாயின. மதிப்பு 70,352 கோடி ரூபாய். ரிலையன்ஸ் நேரடியாகப் போட்டது 11,500 கோடி. தொடங்கியபோது பங்குகள்: ரிலையன்ஸ் 16.34, கலர்ஸ் சானல்களை நடத்திய வயாகாம்18 46.82, டிஸ்னி 36.84 சதவீதம். வயாகாம்18-ம் ரிலையன்ஸ் கட்டுப்பாட்டில் இருப்பதால் கடிவாளம் அவர்களிடம். டிஸ்னி கிளம்பிவிட்டது என்று சொல்வது தவறு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் வைத்திருக்கிறது.

டிஸ்னிக்கு டிவி புதிது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1954-ல் வால்ட் டிஸ்னிக்கு டிஸ்னிலாண்ட் பூங்கா கட்டப் பணம் போதவில்லை. அமெரிக்காவின் ஏ.பி.சி. டிவி 5 லட்சம் டாலர் போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு உத்தரவாதமும் கொடுத்தது. பதிலுக்கு டிஸ்னி வாரம் ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். அந்தப் பணமும் கைகொடுத்துத்தான் 1955 ஜூலையில் பூங்கா திறந்தது. 1996-ல் அதே ஏ.பி.சி.யை 1,900 கோடி டாலருக்கு டிஸ்னியே வாங்கிவிட்டது. இதைச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் உற்சாகம் வந்துவிடும்.

இன்னொன்று. விஜயை ஸ்டாருக்கு விட்டுக்கொடுத்த யு.டி.வி.யும் 2012-ல் முழுதாக டிஸ்னியிடம் போனது. விற்றவர், வாங்கியவர் இருவருமே கடைசியில் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பென்னாகரம்

பழையபேட்டைத் தம்பிக்கு: அவர் அழுத்தியது ரிசீவரின் ஆடியோ மெனு. டிஷ்ஷில் எல்லாப் பாஷையும் சேர்ந்துதான் இறங்கும். ஆனால் ரிசீவரிலிருந்து மாடுலேட்டருக்கு ஒரு பாஷைதான் போகும். தமிழ், இந்தி இரண்டும் கொடுக்க வேண்டுமானால் இரண்டு ரிசீவர், இரண்டு மாடுலேட்டர், லைனில் இரண்டு இடம் வேண்டும். அதனால் ஆபரேட்டர் எதை வைக்கிறாரோ அதுதான் ஊருக்கே பாஷை. நானும் தமிழில்தான் வைத்திருந்தேன், கரன்ட் போய் வந்தால் சில பெட்டிகள் தானாக இந்திக்கு ஓடிவிடும். மறுபடி மாடியேறி மாற்ற வேண்டும். செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்தப் பட்டன் உங்கள் கையிலேயே இருக்கிறது. ரிமோட்டில் ‘ஆடியோ’ அல்லது ‘லாங்’ என்று இருக்கும், மேலிருந்து தமிழையும் சேர்த்து அனுப்பினால் அதில் வரும். பெண்ணுக்கு வைத்துக் கொடுங்கள்.

ஓசூர் அம்மா சொன்ன எல்லைப் பக்கத்து விஷயம் முக்கியம். தளி, தேன்கனிக்கோட்டை ஆபரேட்டர்கள் யாராவது இருந்தால், மூன்று பாஷைச் சானல்களை லைனில் எந்த வரிசையில் வைத்தீர்கள், யார் வந்து சண்டை போட்டார்கள் என்று எழுதுங்கள். 2011-ல் 70 ரூபாய்க்கு அரசு கேபிள் வந்த கதையும் பாக்கி இருக்கிறது. அதை மொரப்பூர், பாலக்கோடு பக்கத்தில் லைன் ஓட்டியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.