பாஸ்கெட்பால்: புது ஃபாரின் சென்டர் வந்துவிட்டார். ஓடி ஆடும் அணியில் அவரை எப்படிப் பொருத்துவது?

அல்சூர்_பெஞ்ச்:
எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருவில் இருக்கும் எங்கள் பாஸ்கெட்பால் கிளப்புக்கு இந்த சீசனில் ஒரு வெளிநாட்டு சென்டரை (ரிங்குக்கு அருகே ஆடும் உயரமான ஆள்) எடுத்திருக்கிறோம். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் வளர்ந்தவர். உயரம் 208 செ.மீ., எடை 115 கிலோ. வலது கை ஹூக் (கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடும் ஷாட்) நன்றாக விழுகிறது, எந்தப் பாஸையும் கை தவறாமல் பிடிக்கிறார். ஆனால் ரிங்கிலிருந்து 4 மீட்டர் தாண்டினால் ஷாட் கிடையாது, ஃப்ரீ த்ரோவும் சுமார்தான்.

இதுவரை நாங்கள் ஆடியது வேக ஆட்டம். 1-2-1-1 ஃபுல் கோர்ட் பிரஸ் (முன்னால் ஒருவர், பின்னே இருவர், ஒருவர், கடைசியில் ஒருவர் என்று நின்று கோர்ட் முழுக்க எதிரணியை நெருக்குவது), பறித்தால் நேரே ஓடிப்போய் ரிங்குக்குக் கீழிருந்து லே-அப். பழைய சென்டர் 196 செ.மீ., போஸ்ட்டில் (ரிங்குக்கு அருகே) முதுகு கொடுத்து ஆடுபவர். பந்தைக் கொண்டுபோகும் கார்டுகள் இருவரும் 180 செ.மீ. அளவில். பயிற்சியில் என்ன நடக்கிறது என்றால், புதியவர் பிளாக்கில் (ரிங்குக்குப் பக்கத்து ஓரத்தில்) நின்று கையைத் தூக்குகிறார், மற்ற நால்வரும் நின்று அவரையே பார்க்கிறார்கள், ஷாட் போட இருக்கும் 24 விநாடியில் 15 கரைந்துவிடுகிறது. முதல் மேட்சுக்கு 3 வாரம் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? பழைய சென்டரை என்ன செய்வது? பிரஸ்ஸை விட்டுவிட வேண்டுமா?

மல்லேஸ்வரம்_கோச்:
தம்பி, முதல் வாரம் முழுக்க பந்தை போஸ்ட்டில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். அவர் உடம்பின் மதிப்பு முதலில் ஸ்க்ரீனில்தான், அதாவது அசையாமல் நின்று நம் ஆளின் டிஃபென்டரை மறிப்பதில். மாற வேண்டியவர்கள் பெரும்பாலும் உங்கள் கார்டுகள்.

பிக் அண்ட் ரோலை (ஸ்க்ரீன் வைத்துவிட்டு சென்டர் ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுவது) விங்கிலிருந்து, அதாவது கோர்ட்டின் பக்கவாட்டிலிருந்து தொடங்குங்கள். அவர் ஓடி வந்து, இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு ஊன்றி, அசையாமல் நின்ற பிறகே கார்டு கிளம்ப வேண்டும். சின்ன கார்டுகள் எல்லாரும் செய்யும் தப்பு, ஸ்க்ரீன் நிற்பதற்கு அரை விநாடி முன்பே கிளம்புவது. சென்டர் அவரைத் துரத்திக்கொண்டே இடுப்பை நீட்டுவார், மூவிங் ஸ்க்ரீன் என்று விசில் வரும், ஃபவுல் சென்டர் கணக்கில் ஏறும். கார்டின் தோள் சென்டரின் இடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த ஸ்க்ரீனே வீண்.

தாண்டியதும் ஷாட்டுக்கு அவசரப்படக் கூடாது. துரத்தி வரும் டிஃபென்டரைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு இரண்டு டிரிபிள். எதிரணி சென்டர் பின்வாங்கி நின்றால் ஃப்ரீ த்ரோ கோட்டருகே புல்-அப் (சட்டென நின்று போடும் ஷாட்). அவர் மேலே ஏறி வந்தால் காலருகே பவுன்ஸ் பாஸ், இல்லையென்றால் லாப் (தலைக்கு மேலாக உயர்த்தி எறியும் பாஸ்). லாபை ஆளைப் பார்த்து எறியாதீர்கள். ரிங்குக்கு முன்னால், போர்டில் இருக்கும் சதுரத்தின் மேல் மூலை உயரத்துக்கு எறிந்தால் அவர் ஓடிவந்து எடுத்துக்கொள்வார். 180 செ.மீ. கார்டுக்கு இது ஒரே நாளில் கைவராது. தினமும் இரண்டு பக்கத்திலிருந்தும் 25 லாப், 25 பவுன்ஸ் பாஸ், முதலில் டிஃபென்டர் இல்லாமல், பிறகு வைத்து.

மற்ற மூவரில் இரண்டு பேர் கார்னரில் (கோர்ட்டின் மூலையில்). அங்கே மூன்று புள்ளிக் கோட்டுக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே 90 செ.மீ.தான். பந்து வருவதற்கு முன்பே கால் வைக்கும் இடத்தைப் பழக்கவில்லை என்றால் எல்லையை மிதிப்பார்கள், அல்லது உள்ளே வந்து இரண்டு புள்ளி ஷாட்டாக்கிவிடுவார்கள். கார்னரில் ஷூட்டர் ஒழுங்காக நிற்காவிட்டால் அவருடைய டிஃபென்டர் பெயின்ட்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் உள்ள செவ்வகத்துக்குள்) வந்து உங்கள் சென்டரின் ரோலை அடைப்பார். அப்போது சென்டருக்குக் கை சரியில்லை என்று எல்லாரும் பேசுவார்கள்.

பழைய சென்டர் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. இருவரையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். இவர் மூன்று புள்ளி போடாதவர் என்றால் இவருடைய டிஃபென்டர் சும்மா பெயின்ட்டில் நிற்பார். இரண்டாவது அணியின் மையமாக இவரை வையுங்கள், போஸ்ட் ஆட்டம் முழுக்க அங்கே ஓடட்டும்.

விசில்_3:
விதிப் பக்கத்திலிருந்து சில. ஃபிபா (சர்வதேச பாஸ்கெட்பால் சம்மேளனம்) விதியில், பெயின்ட்டில் தொடர்ந்து மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற கட்டுப்பாடு டிஃபென்ஸுக்கு இல்லை. எதிரணியும் தன் பெரிய ஆளை ரிங்குக்குக் கீழேயே நிறுத்தலாம், நீங்களும் நிறுத்தலாம். அட்டாக்கில் மட்டும்தான் மூன்று விநாடி எண்ணப்படும். பிளாக்கில் கையைத் தூக்கி நிற்பவருக்கு அது முதல் மேட்சிலேயே இரண்டு மூன்று முறை விழும். ஒரு காலை வெளியே எடுத்தால் போதாது, இரண்டு காலும் பெயின்ட்டை விட்டு வெளியே ஊன்ற வேண்டும்.

ரிங்கில் பட்ட பந்து விஷயத்தில் நிறைய லாபம் இருக்கிறது. ஃபீல்ட் கோல் ஷாட் (ஃப்ரீ த்ரோ அல்லாதது) ரிங்கைத் தொட்டுவிட்டால், பந்து ரிங்குக்கு நேர் மேலே உருண்டுகொண்டிருந்தாலும் ஃபிபாவில் யாரும் தட்டிவிடலாம். கீழிருந்து வலைக்குள் கை விடக்கூடாது, ரிங்கையோ போர்டையோ பிடித்து ஆட்டக்கூடாது. அமெரிக்க விதியில் இது கோல்டென்டிங் அல்லது இன்டர்ஃபியரன்ஸ் என்ற விதிமீறல். அங்கே வளர்ந்தவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பயிற்சியில் யாராவது ரிங்கில் பட்டுத் துள்ளும்படி பந்தைப் போட, அவர் தட்டிவிட வேண்டும். தினம் 10 நிமிடம் போதும். தன் டீம் ஷாட்டானால் உள்ளே தள்ளவும், எதிர் ஷாட்டானால் வெளியே தள்ளவும்.

ஃபவுல் கணக்கும் முக்கியம். ஆட்டம் 10 நிமிடக் குவார்ட்டர் நான்கு, ஆளுக்கு 5 ஃபவுல், அதோடு அவர் வெளியே. முதல் குவார்ட்டரில் இரண்டு விழுந்தால் உடனே உட்கார வையுங்கள். பெரிய ஆளுக்கு ஃபவுல் பெரும்பாலும் எதிரணி ஷாட்டைத் தடுக்கும்போது வருவதில்லை. ரீபவுண்டில் (தவறிய ஷாட்டின் பந்தை எடுக்கும்போது) முதுகில் ஏறுவதிலும், கோச் சொன்ன மூவிங் ஸ்க்ரீனிலும்தான் வருகிறது. ஷாட்டைத் தடுக்கக் கையை நேர் மேலே வைத்துக் குதித்தால், இடம் முன்பே பிடித்திருந்தால், மோதல் அட்டாக்கர் மேல்தான்.

கோரமங்களா_டிஃபென்ஸ்:
மல்லேஸ்வரம் கோச் அண்ணா சொன்ன அட்டாக்கோடு ஒத்துப்போகிறேன். பிரஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்கிறேன்.

1-2-1-1-இல் கடைசி ஒருவராக, ரிங்கைக் காப்பவராக அவரை நிறுத்தலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் உங்கள் புள்ளிகள் பலவற்றை அவர்தான் ரிங்குக்குக் கீழே போடுவார். போட்டுவிட்டு எதிரணி பேஸ்லைனில் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக் கோட்டருகே) நிற்பவர், 28 மீட்டர் கோர்ட்டின் மறுமுனைக்கு ஓடினால்தான் கடைசி ஆள். அதற்குள் பந்து தாண்டிவிடும். அதனால் அவரை முன்னால் உள்ள ஒருவராக வையுங்கள், ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார். பந்தை உள்ளே போடுபவருக்கு 5 விநாடிதான் இருக்கிறது, எதிரே அவ்வளவு நீளக் கை நின்றால் நேர் பாஸ் போகாது, வளைத்துத்தான் போட வேண்டும். வளைந்த பாஸைத்தான் உங்கள் கார்டுகள் பறிப்பார்கள். பந்து உள்ளே வந்ததும் அவர் பந்துக்காரரை இருவராக மடக்கப் போகக்கூடாது, நேராகப் பெயின்ட்டுக்கு ஓட வேண்டும். 8 விநாடிக்குள் எதிரணி பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதால் மற்ற நால்வர் தாமதப்படுத்தினாலே அவருக்கு நேரம் கிடைக்கும். ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு இதை உறுதியாகச் செய்யலாம். ஓடும் ஆட்டத்தின் நடுவில் வேண்டாம்.

பாதிக் கோர்ட்டில் டிராப் டிஃபென்ஸ், அதாவது ஸ்க்ரீன் வரும்போது சென்டர் பின்வாங்கி நிற்பது. ஸ்பெயின் கிளப் ரியல் மாட்ரிட்டின் சென்டர் எடி டவாரெஸ் ஆட்டத்தைப் பயிற்சியில் போட்டுக் காட்டுங்கள். 221 செ.மீ. ஆள், ஸ்க்ரீன் வரும்போது மேலே ஏறாமல் பெயின்ட்டிலேயே காத்திருந்து ஷாட்டையும் ரோலையும் ஒரே சமயத்தில் பார்க்கிறார். இதற்கு விலை கார்டுதான் கொடுக்க வேண்டும்: ஸ்க்ரீனுக்கு மேலாக (ரிங்கிலிருந்து தள்ளிய பக்கமாக) துரத்தி, பின்னாலிருந்து ஷாட்டைத் தொந்தரவு செய்ய வேண்டும். ஸ்க்ரீனுக்குக் கீழே (ரிங் பக்கமாக) போனால் எதிரணி கார்டுக்கு மூன்று புள்ளி இலவசம். எதிரணி சென்டர் வெளியே போய்ச் சுடுபவராக இருந்தால் டிராப் உடையும். அப்போது அந்த ஆளின் மேல் உங்கள் ஃபார்வர்டைப் போட்டு, சென்டரைச் சுடாத ஒருவர் மேல் மாற்றிவிடுங்கள்.

அல்சூர்_பெஞ்ச்:
மிக்க நன்றி, அண்ணா. பிரஸ்ஸில் முன்னால் நிறுத்துவது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம். இங்கே பெரும்பாலான அணிகள் உயரமான ஆளைப் பார்த்ததும் 2-3 ஸோனுக்குப் (ஆளுக்கு ஆள் இல்லாமல், முன்னே இருவர், பின்னே மூவர் என்று இடத்தைக் காப்பது) போய்விடுவார்கள். நடுவில் நிற்பவர் முன்னாலும், பின் வரிசைக்காரர் பின்னாலும் நின்று எங்கள் சென்டரைச் சாண்ட்விச் ஆக்குவார்கள். அதற்கு என்ன?

மல்லேஸ்வரம்_கோச்:
பழைய சென்டரை அப்போதுதான் சேர்த்து இறக்க வேண்டும், இங்கே மட்டும் நான் மாறுவேன். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் பழையவர், பேஸ்லைனில் ஷார்ட் கார்னரில் (பெயின்ட்டுக்கும் மூலைக்கும் நடுவே) புதியவர். பழையவருக்குப் பந்து போனதும் ஸோனின் நடு ஆள் மேலே வந்தே ஆக வேண்டும். வந்தால் புதியவர் ஒரே அடியில் ரிங்குக்கு உள்ளே நுழைவார், மேலிருந்து கீழே ஹை-லோ பாஸ். வராவிட்டால் பழையவர் அங்கிருந்தே சுடட்டும். அமெரிக்காவின் என்பிஏ லீகில் மெம்ஃபிஸ் அணியில் மார்க் கசோலும் ஸாக் ராண்டால்ஃபும் ஆண்டுக்கணக்கில் இதை ஆடிக் காட்டினார்கள். மேட்சுக்கு 8 முதல் 10 நிமிடம் போதும்.

முன்னால் நின்று மறைப்பவரைக் கடந்து விங்கிலிருந்து நேரே லாப் போட முயலாதீர்கள். பின்னால் நிற்பவர் எடுத்துவிடுவார். பந்தை மேலே திருப்பிவிட்டு, மறுபக்கம் கொண்டுபோய்ப் பிறகு கொடுங்கள். உள்ளே போன பந்தை சென்டர் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும், இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் சின்ன ஆட்கள் தட்டிவிடுவார்கள். இரட்டை ஆள் வந்ததும் கார்னருக்கு எறிய வேண்டும், டிரிபிள் செய்யவே கூடாது.

ஒன்று மறக்காதீர்கள். ரிங்கில் பட்டு அட்டாக் ரீபவுண்ட் எடுத்தால் ஷாட் கடிகாரம் 24-க்கு இல்லை, 14 விநாடிக்குத்தான் திரும்பும். இவரிடம் அது நிறைய நடக்கும். உடனே மேலே போடு, முடியாவிட்டால் கார்னருக்கு எறி என்று இரண்டே வழி சொல்லிக் கொடுங்கள்.

ஸ்க்ரீன்_அகரம்:
ஆட்டத்துக்கு வெளியே இரண்டு விஷயம். பல கிளப் பயிற்சி இங்கே திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில்தான். 115 கிலோ ஆளுக்கு அதில் தினமும் குதிப்பது முழங்காலுக்கும் குதிகாலுக்கும் ஆபத்து. வாரத்தில் இரண்டு நாளாவது மரத்தளத்தில் நேரம் வாங்குங்கள், சிமென்ட்டில் நடக்கும் நாளில் அவருக்கு ஸ்க்ரீனும் பாஸும் மட்டும். இந்த அளவு ஷூ கடையில் எளிதில் கிடைக்காது, உதிரி ஜோடியை வரும்போதே கொண்டுவரச் சொல்லுங்கள். மேட்சில் 4 அல்லது 5 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால்தான் கடைசிக் குவார்ட்டரில் திரும்பி ஓடுவார்.

டிஃபென்ஸ் கூப்பாடுகளை இப்போதே முடிவு செய்யுங்கள். நம் கோர்ட்டில் தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் கலந்து ஓடும், பின்னால் நிற்கும் சென்டர்தான் ஸ்க்ரீன் எந்தப் பக்கம் என்று கத்த வேண்டியவர். ‘லெஃப்ட்’, ‘ரைட்’, ‘டிராப்’, ‘ஸ்விட்ச்’ (ஆளை மாற்றிக்கொள்) என்ற நான்குக்கு மேல் வேண்டாம்.

கடைசியாகக் கேட்கிறேன், லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் (வேறு நாட்டில் ஆட அவருடைய சம்மேளனம் தரும் அனுமதிக் கடிதம்) வந்துவிட்டதா? இவர் விஷயத்தில் யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலிடமிருந்து, இந்திய சம்மேளனம் வழியாக வர வேண்டும். அது கையில் இல்லாமல் பெயரை ஸ்கோர் ஷீட்டில் எழுதிவிடாதீர்கள், எதிரணி புகார் கொடுத்தால் மேட்சே பறிபோகலாம். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால், வந்து 14 நாளுக்குள் எஃப்ஆர்ஆர்ஓ (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவையும் முடித்துவிடுங்கள்.