கடை ஆப்பை என் பெயரில் பிளே ஸ்டோரில் போடலாமா?

ஈரோடு_கோடர்:
வணக்கம். ஈரோட்டில் இருந்து தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன், பெரும்பாலும் ரியாக்ட் (வெப்சைட் கட்ட), பிளட்டர் (ஒருமுறை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய). இப்போது ஒரு ஜவுளி மொத்த வியாபாரி வந்திருக்கிறார். வெப்சைட், ஆண்ட்ராய்டு ஆப், ஐபோன் ஆப் மூன்றும் வேண்டுமாம். வெளியூர்க் கடைக்காரர்கள் டிசைன் பார்த்து ஆர்டர் போடணும், தங்கள் பாக்கி எவ்வளவு என்றும் பார்க்கணும். தொகை பேசியாச்சு, பாதி முன்பணம் தருகிறார். ஆனால் "டொமைன் (வெப்சைட் முகவரி), சர்வர், பிளே ஸ்டோர் எல்லாம் உங்க பேர்லயே போட்டுருங்க தம்பி, நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்கிறார். அவர் மகனோ, எழுதும் புரோகிராம் கோடு முழுக்க எங்களுக்கே சொந்தம் என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். இரண்டுக்கும் தலையாட்டிவிடலாமா? எனக்கு பிளே ஸ்டோரில் இன்னும் கணக்கே கிடையாது.

நெட்டையன்:
உங்கள் பெயரில் போடவே போடாதீர்கள். பணம் பெரிய விஷயமில்லை, கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99 டாலர். ஆனால் ஒரு கணக்கில் ஐந்து கடைகளின் ஆப்பை வைத்திருக்கிறீர்கள், அதில் ஒன்று ஏதோ விதியை மீறிவிட்டது என்று கூகுள் கணக்கையே மூடினால் மற்ற நாலும் சேர்ந்து போகும், அந்த நாலு பேருக்கும் நீங்கள்தான் பதில் சொல்லணும். தவிர, 2023 நவம்பர் நடுவுக்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங் (அழைத்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை) நடத்திய பிறகுதான் ஆப்பை எல்லோருக்கும் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். நிறுவனக் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் டன்ஸ் எண் (நிறுவனத்தை அடையாளம் காட்டும் எண்) வாங்கணும். இலவசம்தான், ஆனால் இன்றைக்குக் கேட்டு நாளைக்கு வந்துவிடாது, அதனால் முன்பணம் வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கடை பார்ட்னர்ஷிப்பா, தனி உரிமையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தனி உரிமை என்றால் ஆப்பிளில் தனிநபராகத்தான் சேர முடியும், ஆப் ஸ்டோரில் கடைப் பெயருக்குப் பதில் முதலாளி பெயர் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் உங்களிடம் சண்டைக்கு வருவார்.

டொமைனும் அப்படித்தான். அவர் மின்னஞ்சல், அவர் கார்டு. உங்களை ஒரு பயனராகச் சேர்த்து அனுமதி கொடுத்தால் போதும்.

வக்கீல்_வீட்டுப்_பிள்ளை:
கோடு விஷயத்துக்கு நான் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புக் கணக்கில்தான் வருகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் முதலாளிக்குச் சொந்தம். நீங்கள் ஊழியர் இல்லை, எனவே வேறு ஒப்பந்தம் இல்லாதவரை எழுதிய நீங்கள்தான் முதல் உரிமையாளர், பணம் கொடுத்ததால் மட்டும் அவருக்குப் போய்விடாது. எழுத்தில் மாற்றிக் கொடுக்கணும். அதிலும் 19ஆம் பிரிவைப் பாருங்கள்: எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு, எந்த ஊர்களுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆக மகன் கேட்பது நியாயம்தான், கொடுங்கள். ஆனால் இரண்டு வரி சேருங்கள். முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒன்று; நீங்கள் எல்லா வேலையிலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உங்கள் சொந்தத் துண்டுகள் உங்களிடமே இருக்கும், அவருக்கு அவற்றைப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் என்று இன்னொன்று. இரண்டாவதை விட்டுவிட்டால் அடுத்த கிளையண்டுக்கு லாகின் பக்கத்தைக்கூட முதலிலிருந்து எழுதணும்.

சும்மா_ஒரு_டெவ்:
எல்லோரும் கணக்கு, சட்டம் என்று போகிறீர்கள். ஐபோன் ஆப் எதுக்கு முதலில்? மொத்த வியாபாரத்தில் வாங்க வருகிற கடைக்காரர் கையில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான். வெப்சைட்டை மொபைலில் ஒழுங்காக ஓடும்படி செய்துவிட்டு, ஐபோன்காரர்களை அதை ஹோம் ஸ்கிரீனில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அதே வெப்சைட்டை ஒரு ஐபோன் ஆப்புக்குள் வைத்துப் பொதிந்து அனுப்பினால் ஆப்பிள் ஏற்காது, வெறும் வெப்சைட்டுக்கு மேல் ஏதாவது இருக்கணும் என்பது அவர்கள் விதி.

நெட்டையன்:
@சும்மா_ஒரு_டெவ் ஈரோடு_கோடர் செய்யப்போவது பிளட்டரில் தனி ஆப், வெப்வியூ (வெப்சைட்டை ஆப்புக்குள் காட்டுவது) இல்லையே. ஐபோனைத் தள்ளிப்போடலாம் என்பது மட்டும் சரி, இரண்டாம் கட்டமாக வைத்துத் தனியாக விலை சொல்லலாம்.

ஈரோடு_கோடர்:
நன்றி எல்லோருக்கும். கேட்டுவிட்டேன், பார்ட்னர்ஷிப்தான், ஜிஎஸ்டி எண்ணும் இருக்கு. அப்போ அவர்கள் பெயரிலேயே நிறுவனக் கணக்கு. டன்ஸ் எண்ணுக்கு மகனையே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். பராமரிப்புக்கு என்ன வாங்குகிறீர்கள்? "ஒருவாட்டி செஞ்சா முடிஞ்சுதுல்ல" என்கிறார் பெரியவர்.

நெட்டையன்:
முடியாது. கூகுள் ஒவ்வொரு வருடமும் டார்கெட் ஏபிஐ அளவை (ஆப் எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்றபடி இருக்கணும் என்பதை) ஏற்றிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்ட் 31க்குப் பிறகு அப்டேட் அனுப்பணும் என்றால் ஆண்ட்ராய்டு 15க்கு ஏற்றபடி இருக்கணும். அடுத்த வருடம் அதற்கும் மேலே. ரொம்பப் பழையதாக விட்டால் புது போனில் தேடினாலும் ஆப் கிடைக்காது. இதைப் பெரியவரிடம் சொல்லி வருடச் சந்தா மாதிரி ஒரு தொகை பேசுங்கள். எவ்வளவு என்பது உங்கள் கைவேலையைப் பொறுத்தது, நான் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு கேட்பேன்.

அப்புறம் ஒன்று, யாரும் கேட்கவில்லை. பாக்கிக் கணக்கு எங்கே இருக்கிறது, டாலி கணக்கு மென்பொருளிலா? அது கடையில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், அதைக் கேட்டால் எக்ஸ்எம்எல்லில் (புரோகிராம்கள் படிக்கும் ஒரு தரவு வடிவம்) பதில் தரும், ஆனால் அதை எடுத்து உங்கள் சர்வருக்கு அனுப்ப அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கணும், இரவு கடையைச் சாத்தும்போது கணக்குப்பிள்ளை சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப்பில் பழைய பாக்கிதான் தெரியும். இந்த வேலையைத் தொகையில் சேர்த்தீர்களா?

ஈரோடு_கோடர்:
டாலிதான். சேர்க்கவில்லை. நாளைக்குப் போய்த் திரும்பப் பேசுகிறேன்.