தண்ணீரிலும் கரையிலும் படர சுலபமான செடி எது?

ஆயர்ஈத்தாம்_தொட்டி:
வணக்கம். வீட்டில் 2 அடி கண்ணாடித் தொட்டி, பாதி தண்ணீர், மீதியில் கல்லும் மண்ணும் அடுக்கிக் கரை கட்டியிருக்கிறேன். தண்ணீருக்கடியில் தொடங்கிக் கரை வரை ஒரே செடி பாய் விரித்த மாதிரி படர வேண்டும், சிஓ2 (கரியமில வாயு) சிலிண்டரெல்லாம் வேண்டாம். பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்டில் பெகாகா கீரை ஒரு கட்டு வாங்கி நட்டேன். கரையில் வைத்தது ஜோராக வேர்விட்டது, தண்ணீருக்குள் வைத்தது ஒரே வாரத்தில் காம்பு கொழகொழவென்று ஆகி அழுகிப்போச்சு. கூடவே 8 இறாலும் காலி. என்ன தப்பு செய்தேன்?

பட்டர்வொர்த்_அக்கா:
பெகாகா நம் வல்லாரைதானே தம்பி, அதற்குக் கால் நனையலாம், தலை முழுகக் கூடாது. இறால் செத்ததற்குப் பூச்சிமருந்துதான் காரணமாக இருக்கும். நாம் கழுவிச் சாப்பிடும் கீரையில் ஒட்டியிருக்கும் துளி மருந்துகூட இறாலுக்கு அதிகம்.

கிள்ளான்_குளத்தங்கரை:
ஆரைக்கீரை போடுங்கள். நாலு இலைக்காரன், பார்த்தால் புளியாரை மாதிரி இருந்தாலும் இது பெரணி வகை, இந்தோனேசியாவின் சுராபாயாவில் இதை அவித்துச் சாப்பிடுகிறார்கள். நட்டவுடன் பழைய இலையெல்லாம் மஞ்சளாகிக் கரையும், பயந்து பிடுங்கிவிடாதீர்கள் (நான் பிடுங்கினேன், 15 மலேசிய வெள்ளி போச்சு). தண்ணீருக்குள் வரும் புது இலை பெரும்பாலும் ஒற்றை இலையாகத்தான் இருக்கும், அதே கொடி கரையேறியதும் நாலாக விரியும். தண்டை ஆழமாகப் புதைக்காமல் மணல் லேசாக மூடினால் போதும், வேர்ப்பக்கம் ஒரு உர மாத்திரை வையுங்கள். ஆனால் ஆமை வேகம்.

பட்டர்வொர்த்_அக்கா:
அவசரமென்றால் கடையில் 'ஜப்பான்' என்று விற்கும் ஹைட்ரோகொட்டைல் செடி போடுங்கள், இலை குட்டியாக மூன்று பிளவாக இருக்கும். கணுவுக்குக் கணு வேர்விடும், கரையும் ஏறும். மாதம் ஒருமுறையாவது கத்தரி போடாவிட்டால் தொட்டியையே மூடிவிடும், அது ஒன்றுதான் தொல்லை.

ஆயர்ஈத்தாம்_தொட்டி:
சரி, ஆரையே வைக்கிறேன். செபராங் பிறை பக்கம் வயல் வாய்க்காலில் கிடைத்தால் அள்ளலாமா?

கிள்ளான்_குளத்தங்கரை:
அய்யோ, வயலிலும் மருந்துதான் அடிக்கிறார்கள். அப்புறம் நத்தை முட்டை வேறு. எடுத்தே ஆகணும் என்றால் தனி வாளியில் வைத்துத் தினம் தண்ணீர் மாற்றுங்கள், மூன்று வாரம் கழித்து வரும் புது இலையோடு ஒரு துண்டை மட்டும் வெட்டி நடுங்கள். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பாசி முந்திக்கொள்ளும்.