அணைத்த பிறகும் எல்இடி மினுக்குகிறது: போர்டில் நியூட்ரல் இல்லை, என்ன வழி?

கூடவிளக்கு:
வணக்கம். கூடத்தில் தலா 4 வாட் எல்இடி பல்பு மூன்று, ஒரே சுவிட்ச்சில் இருக்கின்றன. போர்டில் ஃபேஸும், சுவிட்ச்சிலிருந்து விளக்குக்குப் போகும் ரிட்டர்ன் ஒயரும் மட்டும்தான். அதனால் நியூட்ரல் தேவைப்படாத ஜிக்பீ மாட்யூல் (விளக்கை வயர்லெஸ் மூலம் இயக்கும் சிறு கருவி) போட்டிருக்கிறேன். அணைத்த பிறகும் சில நொடிக்கு ஒருமுறை மூன்றும் மினுக்குகின்றன. பல்பை மாற்றியும் சரியாகவில்லை. மாட்யூலை மாற்றுவதா, ஸ்மார்ட் பல்புக்கே போய்விடுவதா?

இருவழிச்சுவிட்ச்:
மாட்யூலில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. நியூட்ரல் இல்லாத மாட்யூல், தான் இயங்கத் தேவையான சிறு மின்சாரத்தை விளக்கின் வழியாகவே எடுக்கிறது. பழைய 60 வாட் இழை பல்பில் அது தெரியவே தெரியாது. எல்இடி டிரைவரில் (பல்புக்குள் மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றும் பகுதி) இருக்கும் கெப்பாசிட்டர் அந்தக் கசிவில் மெல்ல மெல்ல நிரம்பி, டிரைவர் தொடங்கும் அளவை எட்டியதும் ஒரு நொடி எரிந்து காலியாகிறது. மறுபடி நிரம்புகிறது. அந்த மினுக்கல் இதுதான்.

தீர்வு: அந்த மாட்யூலுக்கென்று விற்கும் பைபாஸ், அதாவது அந்தக் கசிவுக்கு மாற்று வழி தரும் சிறு பாகம். விளக்குப் பக்கம், ரிட்டர்னுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பல்புக்கு இணையாக மாட்ட வேண்டும். மூன்று பல்பும் ஒரே சர்க்யூட் என்பதால் ஒன்று போதும். தொடரில் மாட்டினால் விளக்கு சரியாக எரியாது. கடையில் கிடைக்கும் வெறும் கெப்பாசிட்டரைப் போடாதீர்கள். சுவிட்ச் போடும் கணத்தில் பாயும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்த அதில் ரெசிஸ்டர் இருக்காது. வேலைக்கு முன் எம்சிபியை (அந்த சர்க்யூட்டின் பிரேக்கர்) இறக்கி, மின்சாரம் இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்த பிறகே கை வையுங்கள்.

கூடவிளக்கு:
நன்றி. பக்கத்து போர்டில் ஒரு நியூட்ரல் போல ஒயர் இருக்கிறது. அதை இழுத்து நியூட்ரல் மாட்யூலே போடலாமா?

ரிலே:
வேண்டாம். அது வேறு சர்க்யூட்டின் நியூட்ரலாக இருந்தால் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர்) காரணமில்லாமல் டிரிப் ஆகலாம். அதைவிட மோசம், ஒரு எம்சிபியை இறக்கிய பிறகும் அந்த நியூட்ரலில் மற்ற சர்க்யூட்டின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், கழற்றுபவருக்கு ஆபத்து. எர்த்தை நியூட்ரலாகப் பயன்படுத்துவது அறவே கூடாது.

அது நியூட்ரல்தான் என்பதையும் டெஸ்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். நியூட்ரல், எர்த் இரண்டிலும் டெஸ்டர் எரியாது. அணைந்திருக்கும் வேறொரு விளக்கின் ரிட்டர்ன்கூட மீட்டரில் நியூட்ரல் போலக் காட்டலாம்.

சீலிங்கைத் திறந்து பாருங்கள். ஃபேஸ், நியூட்ரல், சுவிட்ச் ரிட்டர்ன் மூன்றும் அங்கே கூடினால் நியூட்ரல் மாட்யூலை மேலேயே வைத்துவிடலாம். ஃபேஸ் நேராக மாட்யூலுக்கு, சுவிட்ச் ரிட்டர்ன், சுவிட்ச் நிலையை மாட்யூலுக்குச் சொல்லும் எஸ்1 முனைக்கு, வெளியீடு விளக்குக்கு. எஸ்1 மெயின்ஸ் மின்னழுத்தம் தாங்குமா என்று மாட்யூலின் வரைபடத்தில் முதலில் பாருங்கள். சில மாட்யூல்களில் அது தாங்காது.

இருவழிச்சுவிட்ச்:
ஸ்மார்ட் பல்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிறமோ வெள்ளையின் தன்மையோ மாற வேண்டுமென்றால்தான் அது தேவை. சுவரில் யாராவது சுவிட்சை அணைத்த கணமே பல்பு தொடர்பிலிருந்து போய்விடும். ஜிக்பீ பல்பு மற்ற சாதனங்களின் செய்தியையும் கடத்துவதால், அதை நம்பியிருக்கும் சென்சாரும் சேர்ந்து தடுமாறும். போர்டுக்குள் ஃபேஸையும் ரிட்டர்னையும் நிரந்தரமாக இணைத்து மூடி, அதன் மேல் பேட்டரி பட்டன் ஒட்டுங்கள். பட்டனைப் பல்போடு நேரடியாக பைண்ட் செய்தால் (இணைத்தால்), ஜிக்பீ சாதனங்களை ஒருங்கிணைக்கும் ஹப் படுத்தாலும் விளக்கு எரியும். ஒன்று மட்டும்: ஸ்மார்ட் பல்பை டிம்மர் சுவிட்ச்சோடு சேர்க்கவே கூடாது.

கூடவிளக்கு:
அப்படியானால் பைபாஸ் முதலில். மாடியில் இருக்கும் இன்னொரு மாட்யூல் அடிக்கடி தொடர்பை இழக்கிறது, அதுவும் இதனால்தானா?

ரிலே:
இல்லை, அது சிக்னல் பிரச்சினையாக இருக்கும். நியூட்ரல் இல்லாத மாட்யூல்கள் பெரும்பாலும் செய்தியைக் கடத்துவதில்லை. ஹப்புக்கும் மாடிக்கும் நடுவே எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஒரு ஜிக்பீ பிளக் போடுங்கள். ஹப்பை வைஃபை ரவுட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், இரண்டும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்தான். வைஃபை 1-ஆம் சானலில் இருந்தால் ஜிக்பீக்கு 25 நல்லது. சானலை மாற்றினால் சில சாதனங்களை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், அதனால் பிளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.