மசூரியில் எவரெஸ்ட் வீடு: போகிறவர்கள் கவனிக்க

பாளையங்கோட்டையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்:
மசூரி லைப்ரரி சௌக்கிலிருந்து ஹாத்திபாவோன் சாலையில் சுமார் 6 கி.மீ. போனால் பார்க் எஸ்டேட். இந்தியாவின் சர்வேயர் ஜெனரலாக (நில அளவைத் தலைவர், 1830-43) இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் வாங்கி வாழ்ந்த வீடு. வீட்டைச் சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம், மேலே உள்ள மலைமுகட்டுக்குத்தான் நேரம் ஒதுக்கணும். வடக்கே பனிமலை, தெற்கே டேராடூன் இருக்கும் டூன் பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் போனால் மேகம்தான் மிச்சம். அக்டோபர், நவம்பரில் விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து இன்னொருவர்:
அண்ணாச்சி சொன்னதோடு நம்ம ஊர்ச் சங்கதியும் சேரணும். எவரெஸ்ட் பிறகு நடத்திய இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் 1809-ல் பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அடிக்கோடு அளந்தார். சமதரையில் ஒரு நீளத்தை மட்டும் கையால் அளப்பார்கள், அதுதான் அடிக்கோடு. பிறகு மலைக்கு மலை, கோபுரத்துக்குக் கோபுரம் கோணம் பார்த்தால் போதும், முக்கோணக் கணக்கே தூரத்தைச் சொல்லிவிடும். அடிக்கோடு பிசகினால் அதன்மேல் கட்டிய அத்தனை முக்கோணமும் பிசகும்.

அடிக்கோட்டை அளந்த சங்கிலி 100 அடி. இரண்டரை அடி எஃகுக் கம்பிகள் 40. தரையில் போட்டு இழுப்பதில்லை. முக்காலிகள்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, அவற்றுக்குள் கிடத்தி, கூடவே வெப்பமானியும் வைப்பார்கள். 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் 100 அடி எஃகு சுமார் 0.35 மி.மீ. நீளும். 1802-ல் பரங்கிமலை அருகே அளந்த கோடு 40,000 அடிக்குச் சற்று மேல், அதாவது 400 சங்கிலி. வெப்பம் 10 டிகிரி தப்பினால் 1.4 மீட்டர் போச்சு.

தென்காசியிலிருந்து மூன்றாமவர்:
மனை அளக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். 30 மீட்டர் எஃகு டேப் பெரும்பாலும் 20 டிகிரிக்குச் சரிபார்த்தது. சித்திரை வெயிலில் டேப் 40 டிகிரிக்குச் சூடானால் கிட்டத்தட்ட 7 மி.மீ. நீளும். நீண்ட டேப் தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் திருத்தத்தைக் கூட்டணும். பலர் கழித்துவிடுகிறார்கள், பிழை இரட்டிப்பாகிவிடும்.

எவரெஸ்ட், லாம்ப்டனின் சங்கிலி முறையைக் கைவிட்டதற்கும் இந்தச் சூடே காரணம். ஒரே சூட்டுக்குப் பித்தளை அதிகம் நீளும், இரும்பு குறைவாக நீளும். இரண்டையும் பக்கம் பக்கமாகப் பூட்டி, முனையில் இரண்டையும் தொட்டு நாக்குபோல் ஒரு தகடு வைத்தால், நாக்கு சாயும், அதன் நுனியில் குறித்த புள்ளி மட்டும் இடம் மாறாது. அப்படிப்பட்ட 10 அடிச் சட்டங்கள் 6. டேராடூன் அடிக்கோட்டை 1834-35-ல் அளந்தது இவற்றால்தான். முகட்டில் தெற்கே பார்த்து நிற்கும்போது கீழே விரிவது அந்தப் பள்ளத்தாக்கு.