பொருள்: வீட்டு வழங்கியின் அஞ்சலைத் திருப்புவதற்கு ஒரு சொல் – வெள்ளிக்குள் தேவை

மண்டபத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மின்னஞ்சல் வழங்கி (சர்வர்) மென்பொருள் ஒன்றின் பிழைச்செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஒன்றில் சிக்கி நிற்கிறேன். வீட்டு இணைய இணைப்பிலிருந்து நேராக வரும் அஞ்சலை, பெறும் வழங்கியை நடத்துகிறவர்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல், 550 என்ற பிழை எண்ணைச் சொல்லித் திருப்பிவிடுகிறார்கள். அனுப்பியவர் எரிதம் (ஸ்பேம்) அனுப்பினாரா என்ற கேள்வியே எழுவதில்லை. அவருடைய ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அவர் இணைப்புக்கு உள்ள எண், வீடுகளுக்கென்று ஒதுக்கிய வரிசையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

'தடை' என்றுதான் முதலில் எழுதினேன். வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்திவிட்டு, "மீன்பிடித் தடை என்றால் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும். இது எப்போது முடியும்?" என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள்.

கீழக்கரையிலிருந்து:

தம்பி, அப்பா கேட்டதில்தான் விஷயமே இருக்கிறது. பதிலில் 4-இல் தொடங்கும் பிழை எண் வந்தால் பிறகு முயலலாம். 5-இல் தொடங்கினால் முடிந்தது. ஆனால் 1982-இல் மின்னஞ்சல் நெறிமுறையை வகுத்தபோது எந்தக் கணினியும் எந்தக் கணினிக்கும் நேராக அஞ்சல் கொடுக்கலாம் என்பதே ஏற்பாடு.

என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய கணினி ஆறு ஆண்டுகளாக வழங்கியாக ஓடுகிறது. துபாயில் இருக்கும் மகளுக்கு அனுப்பிய பெருநாள் வாழ்த்து நொடியில் திரும்பி வந்தது. அஞ்சல் என்னுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சான்றுகள் இரண்டும் சரியாகவே இருந்தன. ஐ.பி. எண்ணிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ்ப் பதிவை இணைய நிறுவனத்திடம் கேட்டேன்; வீட்டு இணைப்புக்குக் கிடையாது என்றார்கள். செய்த குற்றத்துக்காகத் தள்ளுவது வேறு, இருக்கும் இடத்துக்காகத் தள்ளுவது வேறு. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும்.

ஊர்விலக்கு நமக்குத் தெரிந்த சொல். அதையொட்டி 'மனைவிலக்கு' எனலாம். மனையிலிருந்து வருவதை விலக்குதல். மன்னுதல் என்றால் நிலைபெறுதல். மனை அதிலிருந்து பிறந்தது என்பது என் துணிபு. மன்னன், மன்று எல்லாம் அந்தக் குடும்பம் என்றே நினைக்கிறேன். விலக்கு என்பதை விலங்கோடு சேர்த்துப் பாருங்கள்: விலங்குதல், குறுக்கிடுதல். குறுக்கே நிற்கிறவனைத்தானே இங்கே பேசுகிறோம்?

தொண்டியிலிருந்து:

ஐயா, நீங்கள் சொன்ன வேரே உங்களுக்கு எதிராக நிற்கிறது. வீட்டு இணைப்பின் எண் பெரும்பாலும் நிலைபெறாதது. இன்று உங்களுடையது, நாளை அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால்தான் அதை நம்ப மறுக்கிறார்கள்.

இன்று வகுப்பில் 'மனைவிலக்கு' என்று கரும்பலகையில் எழுதினேன். முன் பெஞ்சில் இருந்த மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வீட்டுவிலக்கு என்று நம் வீடுகளில் எதைச் சொல்கிறோம் என்று பெண்களைக் கேட்டிருந்தால் இந்தச் சொல் வந்தே இருக்காது. பின்னால் இருந்த ஒருவன், "வரிவிலக்கு மாதிரி வீடுகளுக்குச் சலுகையா?" என்று கேட்டான். நெடுஞ்சாலையில் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்கோ விலக்கு என்றால் ஊருக்குச் சாலை பிரியும் இடம்.

அஞ்சலைத் திருப்புகிறவர்கள் பக்கத்து நியாயத்தையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல், அஞ்சல் போகும் வாயிலான 25-ஆம் போர்ட் வழியாக எரிதத்தைக் கொட்டின. அதன் பிறகுதான் வீட்டு முகவரிகளை மொத்தமாகத் தள்ளும் வழக்கம் பரவியது. 'முகவரி மறுப்பு' போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ராமேஸ்வரத்திலிருந்து:

போர்ட் எதற்கு? துறை இருக்கிறது. 'துறைமறுப்பு' என்றால் 25 என்ற வாயிலும் உள்ளே வந்துவிடும். முகவரியில் உள்ள முகம் வடசொல்லா தமிழா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. துறையில் அந்த ஐயம் இல்லை. கரையில் வாழும் நாமே அந்தச் சொல்லைக் கைவிடலாமா?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, உங்கள் ஊர் ஜெட்டியில் நின்று 'துறை மறுத்துவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள். மீன்வளத் துறை டோக்கன் தரவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அந்தச் சொல் நம் கரையில் வேறு வேலைக்குப் போய்விட்டது.

'முகவரி மறுப்பு' என்றே எழுதுகிறேன். கூடவே ஒரு வரி: "இது வீட்டு இணைப்புக்கு உரிய முகவரி, இங்கிருந்து நேராக வரும் அஞ்சலை ஏற்பதில்லை." இடத்துக்காகத்தான் தள்ளுகிறார்கள் என்பது அதில் தெரிகிறது. மூன்று பேர் தனிமடலில் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். ராமேஸ்வரத்து அண்ணன் இன்னும் பதில் எழுதவில்லை.

கீழக்கரையிலிருந்து:

தொண்டி அம்மா சொன்னதற்குப் பிறகு மனைவிலக்கை நான் வற்புறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். ஆனால் மறுப்பை ஏற்க மாட்டேன். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வதுதான் மறுப்பு. என் கடிதத்தை யாரும் கேட்கவே இல்லை. என் ஆட்சேபத்தைக் குறித்துக்கொண்டு அனுப்புங்கள், தம்பி. வேறு சொல் கிடைத்தால் எழுதுகிறேன்.