கிறிஸ்துமஸ் பரிசு: உங்கள் மனத்தில் இன்னும் நிற்பது எது?

ஈசூன் அக்கா:
பாலிக்பாயன் பெட்டி, அதாவது வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பீன்ஸ் நாட்டவர் பொருள்களை நிரப்பி வீட்டுக்கு அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டி, சிங்கப்பூரில் நமக்குப் பழக்கமானதுதான். எங்கள் வீட்டுப் பணிப்பெண் செப்டம்பரிலேயே பெட்டியை விரித்துவிடுவாள். கப்பலில் போய்ச் சேர வேண்டுமே. போன ஆண்டு அவள் தன் மகனுக்குக் காலணி வாங்க லக்கி பிளாசா கடைத்தொகுதிக்குப் போனபோது நானும் உடன் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். அவள் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். ஊரில் பையனின் பாதத்தைத் தாளில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, வந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். காலணியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பெருவிரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு, "பெட்டி போவதற்குள் வளர்ந்துவிடுவான்" என்றாள். சுண்டுவிரல் பக்கம் கோடு வழுக்கிக் கோணலாகப் போயிருந்தது. கூச்சத்தில் காலை இழுத்திருப்பான். அந்தக் கோணல் கோடு என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

கணக்காளர்:
எங்கள் அலுவலகத்தில் 'சீக்ரெட் சாண்டா': சீட்டில் வந்த பெயருக்கு, யார் கொடுத்தது என்று சொல்லாமல் பரிசு தர வேண்டும்; 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் போகக்கூடாது. ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த தம்பி அழகான சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கி வந்துவிட்டார். சீட்டில் அவருக்கு வந்த பெயரோ ஒரு மூத்த சீன அம்மையாருடையது. பிரித்ததும் அறையே அடங்கிப்போனது. சீனர் வழக்கத்தில் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பது சாவுக்கு அறிகுறி. தம்பியின் முகமே கொடுத்தவர் யாரென்று சொல்லிவிட்டது. அம்மையார் கைப்பையைத் துழாவி ஒரு டாலர் நாணயத்தை எடுத்தார். தம்பியின் உள்ளங்கையில் வைத்து அழுத்தி, "இதை நான் உன்னிடம் விலைக்கு வாங்கிவிட்டேன்" என்றார். எவ்வளவு பெரிய மனசு!

தேக்கா மாமா:
ஈசூன் அக்கா சொன்னது மனத்தைத் தொட்டது. ஆனால் அது பரிசா? சோப்பு, காப்பி, டின் இறைச்சி என்று வீட்டுக்கு அனுப்புவது கடமை. பரிசு வானத்திலிருந்து குதித்ததுபோல் வர வேண்டும். எங்கள் மாடியில் ஒரு ஸ்பெயின் குடும்பம் இருந்தது. அவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவது மூன்று அரசர்கள், அதுவும் ஜனவரி 6ஆம் தேதி. முந்தின மாலை வாசலில் காலணிகளையும், அரசர்களின் ஒட்டகங்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீரும் வைத்திருந்தார்கள். தாழ்வாரம் கூட்ட வந்தவர் கிண்ணத்தை நகர்த்தப் போனார். சின்னவள் ஓடி வந்து, "ஒட்டகம் இன்னும் குடிக்கவில்லை" என்று குறுக்கே நின்றாள். அவரும் அந்த இடத்தை விட்டுவிட்டுக் கூட்டிப் போனார்.

தெம்பனிஸ் செல்வி:
மாமா, பாதம் வரைந்த தாளை மளிகைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எங்கள் வீட்டுப் பெண் அனுப்பிய பெட்டி பிப்ரவரியில்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் சாக்லேட்டைப் பிரித்து முகம் சுளித்ததைக் கைப்பேசியில் பார்த்தேன். எல்லாம் சோப்பு வாடை.

பெட்டி அனுப்பும் பெண்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். சோப்பையும் சலவைத் தூளையும் இரட்டைப் பையில் கட்டித் தனி மூலையில் வைக்க வேண்டும். செப்டம்பரைத் தாண்ட விடாதீர்கள். மணிலாவுக்கு அப்பால் உள்ள தீவுகளுக்கு இன்னும் நாளாகும். பவர் பேங்க், ஸ்பிரே டப்பா வேண்டாம். ஒரே பொருளை டஜன் டஜனாக அடுக்கினால் வியாபாரச் சரக்கு என்று சுங்கத்தில் சந்தேகப்படுவார்கள். பிலிப்பீன்ஸில் 2016இல் வந்த சட்டம் வரிவிலக்கு வரம்பை 150,000 பெசோவுக்கு உயர்த்தியது. அந்தச் சலுகை வெளிநாட்டில் இருக்கும் பிலிப்பீன்ஸ் நாட்டவருக்கு உரியது. ஆகவே அனுப்புநர் இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரையே எழுதச் சொல்லுங்கள், உங்கள் பெயரை எழுத விடாதீர்கள். பொருள் பட்டியலின் நகல் ஒன்று அவள் கையில் இருக்கட்டும்.